வரிக் கணக்கு: நாமே தாக்கல் செய்வதா, ஆடிட்டரிடம் கொடுப்பதா?



இந்த ஆண்டு ரமழானும் நிதியாண்டின் முடிவும் அடுத்தடுத்து வருகின்றன. ஜகாத்துக்காகச் சரக்கை எண்ணும் கையோடு வரிக்காகவும் கணக்கு எடுக்க வேண்டிய நேரம் இது. கடை வைத்திருக்கும் சகோதரர்களும், வீட்டிலிருந்தே தையல், சமையல், துணி வியாபாரம் செய்யும் சகோதரிகளும் நம் அலுவலகத்துக்கு வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வரிக் கணக்கை நாங்களே போட்டுக்கொள்ளலாமா, ஆடிட்டரிடம்தான் போக வேண்டுமா?"

எல்லோருக்கும் பொதுவான ஒரே பதில் இதற்கு இல்லை. யாருக்கு எது பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இரண்டு வரிகள், இரண்டு கணக்குகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஜிஎஸ்டி வேறு, வருமான வரி வேறு. ஜிஎஸ்டி விற்பனையின் மீது வருவது. வருமான வரி லாபத்தின் மீது வருவது. ஒன்று கட்டுவதால் மற்றொன்று நீங்காது. ஒன்று நமக்குப் பொருந்தாது என்பதால் மற்றதும் பொருந்தாது என்று ஆகாது.

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சேவைத் தொழில் செய்பவருக்கு இந்த வரம்பு 20 லட்சம். இங்கே பலர் தவறுவது ஓட்டல் விஷயத்தில்தான். பிரியாணிக் கடை, டீக்கடை, மெஸ் ஆகியவை ஜிஎஸ்டி சட்டத்தில் சேவையாகவே கருதப்படுகின்றன. ஆகவே அவர்களுக்கு வரம்பு 40 அல்ல, 20 லட்சம். ஒரே பான் எண்ணில் இரண்டு கடை இருந்தால் இரண்டின் விற்பனையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பாக்கெட்டில் அடைக்காத புத்தம் புதிய ஆட்டிறைச்சி, கோழியிறைச்சிக்கு ஜிஎஸ்டி இல்லை. அதை மட்டுமே விற்கும் கறிக்கடைக்குப் பதிவும் தேவையில்லை. ஆனால் அதே கறிக்கடைக்காரருக்கு வருமான வரி உண்டு.

வீட்டிலிருந்து பர்தா, சுடிதார் விற்கும் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவு இல்லாதவர் தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரை 40 லட்சம் வரம்பு பொருந்தும். பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ கூரியரில் சரக்கு விற்று அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. தொகை எவ்வளவு சிறியதாயினும் பதிவு தேவைப்படும். கைவினைப் பொருட்களுக்கு மட்டும் சில விலக்குகள் உண்டு.

வருமான வரியில் சிறு வியாபாரிக்கு உள்ள எளிய வழி

வருமான வரிச் சட்டத்தின் 44 ஏடி பிரிவு சிறு வியாபாரிகளுக்காகவே உள்ளது. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 3 கோடி வரை) விரிவான கணக்குப் புத்தகங்களும் தணிக்கையும் இல்லாமலேயே லாபத்தைக் காட்டலாம். வங்கி, யூபிஐ வழியாக வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதமும், ரொக்க விற்பனையில் குறைந்தது 8 சதவீதமும் லாபமாகக் காட்ட வேண்டும். இதற்கான படிவம் ஐடிஆர்-4. கமிஷன், தரகு, ஏஜென்சித் தொழிலுக்கு இது பொருந்தாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு செருப்புக் கடையின் ஆண்டு விற்பனை 36 லட்சம். அதில் யூபிஐ மற்றும் வங்கி வழியாக 24 லட்சம், ரொக்கமாக 12 லட்சம். 24 லட்சத்தில் 6 சதவீதம் 1,44,000. 12 லட்சத்தில் 8 சதவீதம் 96,000. ஆக மொத்தம் 2,40,000 ரூபாய். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச லாபம் இது.

இந்தக் கடைக்காரருக்கு உண்மையில் மாதம் 45,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5,40,000. அவர் எதைக் காட்ட வேண்டும்? பலர் 2,40,000 போதும் என்று நினைக்கிறார்கள். 6, 8 சதவீதம் என்பது குறைந்தபட்சம்தான். அதைவிட அதிகம் சம்பாதித்தவர் அதிகத்தையே காட்டுவதுதான் நேர்மை. அப்படிக் காட்டுவதால் அவருக்கு நஷ்டமும் இல்லை. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் உள்ள 1,40,000 ரூபாய்க்கு 5 சதவீதம், அதாவது 7,000 ரூபாய் வரி வரும். ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87 ஏ பிரிவின் தள்ளுபடியில் அந்த 7,000-மும் நீங்கிவிடும். கட்ட வேண்டியது பூஜ்யம்.

உண்மையைச் சொல்வதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லாத இடத்தில் நம்மில் பலர் பொய்யான தொகையை எழுதுகிறார்கள். பிறகு மகளின் கல்லூரிப் படிப்புக்கோ கடையை விரிவாக்கவோ, விசாவுக்கோ வருமானச் சான்று தேவைப்படும்போது, கையில் இருப்பது மாதம் 20,000 ரூபாய் வருமானம் காட்டும் ஐடிஆர் நகல்தான். தானே குறைத்து எழுதிய தொகை தன்னையே கட்டிப்போடுகிறது.

ஒரு முறை 44 ஏடி முறைக்குள் வந்தவர், ஐந்து ஆண்டுகளுக்குள் அதைவிட்டு வெளியேறி குறைவான லாபம் காட்டினால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு இந்த முறைக்குத் திரும்ப முடியாது. வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் அவசியமாகிவிடும். வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வருமானால் முழுத் தொகையையும் மார்ச் 15-க்குள் முன்வரியாகக் கட்ட வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன. 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

யார் தாங்களே செய்யலாம்?

கீழ்க்கண்டவை அனைத்தும் பொருந்துபவர் வருமான வரிக் கணக்கைத் தாமே தாக்கல் செய்யலாம்.

ஒன்று, தனிநபர் பெயரில் ஒரே வியாபாரம்.
இரண்டு, 44 ஏடி முறை பொருந்துகிறது.
மூன்று, வேறு வருமானம் இருந்தாலும் வீட்டு வாடகை, வங்கி வட்டி போன்ற எளிய வருமானம்தான்.
நான்கு, வீட்டில் கணினியோ ஆங்கிலப் படிவத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளையோ உண்டு.

வருமான வரித்துறையின் இ-பைலிங் தளத்தில் தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. பான் எண்ணும் ஆதாரும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். படிவத்தை நிரப்பும் முன் அதே தளத்தில் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பாருங்கள். உங்கள் வங்கி வட்டி, பிடித்தம் செய்த வரி, பெரிய தொகைகள் எல்லாம் அதில் இருக்கும். துறைக்குத் தெரிந்தது என்ன என்பதை முதலில் பார்த்துவிட்டு எழுதினால் பின்னால் நோட்டீஸ் வரும் வாய்ப்பு குறையும். தாக்கல் செய்ததோடு வேலை முடியாது. 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும். இதை மறந்தால் தாக்கல் செய்ததே செல்லாது. கடைசித் தேதியை அந்தந்த ஆண்டு தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தாமதமானால் வருமானம் 5 லட்சத்துக்குள் உள்ளவருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேல் உள்ளவருக்கு 5,000 ரூபாயும் தாமதக் கட்டணம் உண்டு.

ஜிஎஸ்டியில் தாமே செய்யக்கூடியவர்கள் காம்போசிஷன் முறையில் உள்ள சிறு கடைக்காரர்கள். ஆண்டு விற்பனை 1.5 கோடிக்குள் உள்ள வியாபாரி விற்பனையில் 1 சதவீதமும், ஓட்டல்காரர் 5 சதவீதமும் கட்டினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிஎம்பி-08 படிவம், ஆண்டுக்கு ஒரு முறை ஜிஎஸ்டிஆர்-4 படிவம். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது, வாங்கிய சரக்கின் வரியைத் திரும்பக் கழிக்கவும் முடியாது.

யார் கட்டாயம் ஆடிட்டரிடம் போக வேண்டும்?

சாதாரண முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்து, வாங்கும் சரக்கின் வரியைக் கழித்துக்கொள்பவர்கள். மாதா மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. நமக்குச் சரக்கு விற்றவர் தம் கணக்கில் அதைக் காட்டியிருக்கிறாரா என்று ஒவ்வொரு பில்லாக ஒப்பிட வேண்டும். கடையில் உட்கார்ந்துகொண்டே இதைச் செய்வது கடினம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்கள் 5 அல்லது 18 சதவீதத்துக்குள் வந்துவிட்டதால் பழைய பில்லிங் மென்பொருளில் விகிதங்கள் மாற்றப்பட்டனவா என்பதையும் யாராவது பார்க்க வேண்டும்.

அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கூட்டு வியாபாரம். பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்குத் தனிநபருக்கு உள்ள 4 லட்சம் விலக்கோ, 12 லட்சம் வரையிலான தள்ளுபடியோ கிடையாது. லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். பத்திரத்தை எப்படி எழுதுவது, பங்குதாரர் சம்பளம் எவ்வளவு என்பதை அறிந்தவர் சொல்ல வேண்டும்.

வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து தொழில் தொடங்கியவர்கள். அங்குள்ள வங்கிக் கணக்கு இன்னும் திறந்திருந்தால் ஐடிஆர்-4 பயன்படாது. இங்கே முழு வதிவாளர் ஆனபின் வெளிநாட்டுச் சொத்துக்களைத் தனியே காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் அபராதம் 10 லட்சம் வரை போகக்கூடும். அங்கேயே இருந்துகொண்டு ஊரில் தம் பெயரில் கடை நடத்துபவருக்கும் 44 ஏடி பொருந்தாது. அது இந்தியாவில் வதிபவருக்கு மட்டுமே.

தந்தை மறைந்தபின் கடையைத் தொடர்பவர்கள். மர்ஹூமின் பான் எண்ணிலும் ஜிஎஸ்டி எண்ணிலும் வியாபாரத்தைத் தொடரக் கூடாது. வாரிசு புதிய பதிவு பெற வேண்டும். பழைய பதிவில் மீதமிருக்கும் வரிக் கழிவை மாற்றிக்கொள்ள வழி உண்டு. பாகப்பிரிவினை முடியும்வரை காத்திருந்தால் இரண்டு சிக்கலும் சேர்ந்து பெரிதாகும்.

நோட்டீஸ் வந்தவர்கள். முதல் நோட்டீஸுக்கே பதில் தர வேண்டும். பார்க்காமல் விட்ட நோட்டீஸ் உத்தரவாக மாறினால் செலவு பல மடங்கு.

"ஆடிட்டர்" என்பவர் யார்?

நம்மூரில் வரிக் கணக்கு எழுதுபவர் எல்லோரையும் ஆடிட்டர் என்றே அழைக்கிறோம். உண்மையில் மூன்று வகையினர் உண்டு. 1949-இல் அமைக்கப்பட்ட இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர் சிஏ. வருமான வரித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட அவருக்கு மட்டுமே உரிமை. ஜிஎஸ்டி பிராக்டிஷனர் என்பவர் ஜிஎஸ்டி துறையில் பதிவு பெற்று ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்பவர். மூன்றாமவர் டேலியில் கணக்கு எழுதிக் கொடுக்கும் கணக்காளர். மூவருமே தேவையானவர்கள்தான். சிறு கடைக்குக் கணக்காளரே போதும். ஆனால் யாரிடம் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். சிஏ கையெழுத்திட்ட சான்றில் 18 இலக்க யூடிஐஎன் எண் இருக்கும். அதைக் கழகத்தின் தளத்தில் சரிபார்க்கலாம்.

யாரிடம் கொடுத்தாலும் இந்த ஐந்தையும் விடாதீர்கள்.

முதலாவது, வரித் தளங்களில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலுமே பதிவாகியிருக்க வேண்டும். ஆடிட்டரின் எண் இருந்தால் நோட்டீஸ் அவருக்குத்தான் போகும்.

இரண்டாவது, கட்டணம் எவ்வளவு, அதில் எந்தெந்த வேலை அடங்கும் என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வரித் தொகையை ரொக்கமாக அவர் கையில் கொடுக்காதீர்கள். சலான் எடுத்து உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுங்கள்.

நான்காவது, ஒவ்வொரு தாக்கலுக்கும் ஒப்புகை நகலைக் கேட்டு வாங்கி ஒரு ஃபைலில் வையுங்கள்.

ஐந்தாவது, "ரீஃபண்ட் எடுத்துத் தருகிறேன், அதில் எனக்குப் பங்கு" என்று சொல்பவரிடமிருந்து விலகுங்கள். பொய்யான கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் எடுத்தவர்கள், எடுத்துக் கொடுத்தவர்கள் தொடர்பாக 2025 ஜூலையில் வருமான வரித்துறை தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 150 இடங்களில் சோதனை நடத்தியது. கணக்கில் கையெழுத்து நம்முடையது. பிடிபட்டால் வரியும் வட்டியும் அபராதமும் நம்மீதே விழும்.

இதே காரணத்தால்தான் நம் டிரஸ்டிலும் கொடுக்காத நன்கொடைக்கோ, கொடுத்ததைவிடக் கூடுதலாகவோ 80ஜி ரசீது தருவதில்லை. யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் குடும்பங்களில் அடிக்கடி தவறும் இடங்கள்

வங்கி வட்டி: "வட்டியை நான் தொடுவதே இல்லை, அப்படியே எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்று பலர் சொல்கிறார்கள். மார்க்க விஷயத்தில் அது உங்கள் பேணுதல். வரிச் சட்டத்தில் கணக்கில் வரவு வைக்கப்பட்ட வட்டி வருமானமே. அதைக் காட்டத்தான் வேண்டும். காட்டாவிட்டால் ஏஐஎஸ் அறிக்கை காட்டிக்கொடுக்கும்.

கைமாற்று: வட்டியில்லாமல் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து உதவுவது நம் சமூகத்தின் அழகு. ஆனால் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது, ரொக்கமாகத் திருப்பவும் கூடாது. மீறினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம். அது கடன் வாங்கியவர் மீதே விழும். வங்கி வழியாகக் கொடுத்து, ஒரு தாளில் எழுதியும் வையுங்கள். அதேபோல் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறவும் கூடாது.

யூபிஐ: 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூபிஐ வரவுகளை வைத்து அம்மாநில வணிக வரித்துறை சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வரிவிலக்குள்ள காய்கறி, பால் விற்றவர்களும் அதில் இருந்தார்கள். அஞ்சிய பலர் கடைகளில் "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். ரொக்கத்துக்கு மாறுவது தீர்வல்ல. மகன் அனுப்பிய பணம், மச்சான் திருப்பித் தந்த கடன், சீட்டுப் பணம் எல்லாம் கடையின் க்யூஆர் கோடு வழியாக வந்தால் அத்தனையும் விற்பனை போலவே தெரியும். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

தேவையில்லாத ஜிஎஸ்டி பதிவு: வங்கிக் கடனுக்காகப் பதிவு செய்துவிட்டு மறந்துபோனவர்கள் உண்டு. விற்பனையே இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சாதாரண முறையில் உள்ளவர் இல்லை என்ற கணக்கை 14409 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் மூலமே அனுப்பலாம். அனுப்பாவிட்டால் ஜிஎஸ்டிஆர்-3பிக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் ஒவ்வொரு கணக்குக்கும் 500 ரூபாய் வரை சேரும். பதிவு தேவையில்லை என்றால் முறைப்படி ரத்து செய்யுங்கள்.

எழுதுபவர் ஒருவர், பொறுப்பாளர் ஒருவர்

திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. அது வரிக்கான சட்டம் அல்ல. ஆயினும் அதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. எழுதுபவர் நியாயமாக எழுத வேண்டும் என்று கூறும் அவ்வசனம், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் பட்டவரே என்றும் கூறுகிறது. ஆடிட்டர் எழுத்தர். அவருக்குச் சரியான தொகையைச் சொல்ல வேண்டியவர் வியாபாரிதான். "ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று பில்களை ஒரு பையில் கட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதைச் சட்டம் ஏற்காது. அல்லாஹ்விடமும் அது பதிலாகாது.

ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு நடுவழியே நல்லது. தினசரி வரவு செலவை நாமே எழுதுவோம். தாக்கல் செய்வதை நம் நிலைமைக்கேற்ப நாமோ ஆடிட்டரோ செய்யட்டும். தாமே செய்பவரும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அறிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இப்படி எழுதுவதால் ஜகாத்துக்கும் வழி எளிதாகும். கடையில் உள்ள விற்பனைச் சரக்கு, கையிருப்பு, வரவேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன் ஆகிய நான்கும் வரிக் கணக்குக்கும் வேண்டும், ஜகாத் கணக்குக்கும் வேண்டும். ஜகாத் சந்திர ஆண்டுப்படி, வரி ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பதால் இரண்டு தேதிகளில் எண்ண வேண்டியிருக்கும். வரி கட்டியதால் ஜகாத் நீங்காது. ஜகாத் கொடுத்ததால் வரியும் நீங்காது.

மார்ச் 31-க்குள் செய்ய வேண்டியவை: சரக்கை எண்ணி எழுதுங்கள். கடன் பாக்கிப் பட்டியல் எடுங்கள். வங்கிக் கணக்கு விவரத்தைப் பதிவிறக்கி யூபிஐ வரவில் எது விற்பனை, எது குடும்பப் பணம் என்று பென்சிலால் குறியுங்கள். தளங்களில் உள்ள கைப்பேசி எண் உங்களுடையதா என்று பாருங்கள். இந்நான்கும் கையில் இருந்தால் நீங்களே தாக்கல் செய்தாலும் ஆடிட்டரிடம் போனாலும் வேலை எளிதாக முடியும்.

அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக! ஹலாலான வருவாயையும் நேர்மையான கணக்கையும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்